கரண்ட் போய் வந்தா வயர்கார்டு டனல் சில நாள் 3 நிமிஷத்துல வருது, சில நாள் 57 நிமிஷம் ஆகுது. ஏன்?

எடைமேடை அம்பை:

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்துக்கு வெளிய ஒரு அரிசி மில்லுல எடைமேடை ரூம்ல வேலை பாக்கேன். படிச்சது பி.காம். கம்ப்யூட்டர் படிப்பு இல்ல. ஆனா இங்க இருக்கிற பெட்டியை இப்ப நான்தான் பாத்துக்கிடுதேன், அதனால கேக்கேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நெல்லு வண்டி மேடையில ஏறினதும் லோடு எடை, இறக்கிட்டுத் திரும்பும்போது காலி எடை. இந்த ரெண்டையும் இண்டிகேட்டர்ல இருந்து ராஸ்பெர்ரி பை 4ங்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி படிச்சு பாளையங்கோட்டை ஆபீஸுக்கு அனுப்புது. அங்க ரேட் போட்டு ஓகே குடுத்தாத்தான் இங்க சீட்டு அடிக்கும். ரெண்டு இடத்துலயும் கேபிள்காரர் குடுத்த ஃபைபர்தான், வெளிய இருந்து நேரா உள்ள வர்றதுக்கு சொந்த ஐபி கிடையாது. அதனால நடுவுல ஒரு வாடகை சர்வர் வச்சு வயர்கார்டு விபிஎன் போட்டிருக்கு, அதாவது நெட்டுக்குள்ளேயே ரெண்டு இடத்தையும் இணைக்கிற ஒரு தனி வழி, அதைத்தான் டனல்னு சொல்லுதோம். எல்லாத்தையும் அமைச்சுக் குடுத்த தம்பி வெளியூர் வேலைக்குப் போயிட்டான். நல்ல பையன், போன் பண்ணினா எடுப்பான், ஆனா அவனுக்கும் இது பிடிபடல.

விபிஎன்னை எழுப்புறது ஆர்சி டாட் லோக்கல்னு, பெட்டி ஆன் ஆகும்போது தானா ஓடுற ஒரு ஃபைல். அதுல அவன் போட்டு வச்சது ரெண்டே வரி. முதல்ல ஸ்லீப் 30, அதாவது 30 செகண்ட் சும்மா இரு. அடுத்தது டபிள்யூஜி குயிக் அப், அதாவது டனலை எழுப்பு. சர்வர் முகவரியைப் பேரா போடாம நம்பராவே போட்டிருக்கான்.

பிரச்னை என்னன்னா, கரண்ட் போய் வந்ததும் பெட்டி ஆன் ஆகுது, நெட் வருது, என் போன்ல வைஃபை நல்லா ஓடுது, ஆனா பாளை ஆபீஸ் கிடைக்காது. எவ்வளவு நேரம்னு ஒரு கணக்கே இல்ல. சில நாள் 3 நிமிஷம், சில நாள் முக்கா மணி நேரத்துக்கு மேல, அப்புறம் யாரும் தொடாமலே தானா வந்துரும். கமாண்ட் குடுத்து நானே ரீபூட் பண்ணிப் பாத்தா ஒரு தடவை கூட இந்தக் கோளாறு வரல. கரண்ட் போனா மட்டும்தான்.

இப்ப கார் பருவ நெல்லு அறுப்பு நடக்கு. போன வாரம் பிரம்மதேசத்துல இருந்து ஒரு பெரியவர் வாடகை டிராக்டர்ல அம்பை 16 நெல்லு கொண்டாந்தாரு. வண்டி மேடையில நிக்கி, எடை இண்டிகேட்டர்ல தெரியுது, சீட்டு மட்டும் வரல. கையால எழுதிக் குடுக்கக்கூடாதுன்னு முதலாளி அண்ணாச்சி கண்டிப்பு, முந்தி அதுல தகராறு வந்திருக்கு. பின்னால ஏழு வண்டி, மேக்க மழை இருட்டிட்டு வருது. அந்தப் பெரியவர் கோவப்படவே இல்ல. துண்டை விரிச்சு வேப்பமரத்தடியில உக்காந்துட்டாரு. டிராக்டருக்கு மணிக்கணக்குல வாடகை ஓடிக்கிட்டு இருக்கு. எனக்கு மனசு கேக்கல.

ஸ்லீப்பை 60 ஆக்கினேன், 180 ஆக்கினேன். ஒரே ஒரு நாள் சரியாச்சுன்னு நினைச்சேன், மறுநாளே பழையபடி. என்ன பண்ணணும்னு யாராவது சொல்லுங்க.


சேரன்மாதேவி நெட்வொர்க்:

அக்கா, முதல்ல அந்த ஆர்சி டாட் லோக்கல்ல இருந்து வெளிய வாங்க. லினக்ஸ்ல எல்லா சர்வீஸையும் எழுப்பி மேய்க்கிற சிஸ்டம்டி வர்றதுக்கு முந்தி எல்லாரும் அப்படித்தான் போட்டாங்க. உங்க ராஸ்பெர்ரில ஓடுற லினக்ஸுக்கு மூலமான டெபியன் 2015ல 8ஆம் பதிப்புலேயே சிஸ்டம்டிக்கு மாறிட்டு. ஆர்சி டாட் லோக்கலை பழைய பழக்கத்துக்காக இன்னும் ஓட விட்டிருக்காங்க, அவ்வளவுதான். அதுல ஒரு வரி தோத்துட்டா திருப்பி முயற்சி பண்ண ஆள் கிடையாது. முதல் வரியில ஷெல்லுக்கு மைனஸ் ஈ போட்டிருந்தா, ஒரு கமாண்ட் தோத்த உடனே கீழ இருக்கிற எதுவும் ஓடாது.

ஸ்லீப்ங்கிறது குத்துமதிப்பு. உங்க ராஸ்பெர்ரி அரை நிமிஷத்துல எந்திரிச்சிரும், ஃபைபர் பெட்டி எந்திரிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். நீங்க எத்தனை செகண்ட் போட்டாலும் ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் முந்திக்கும்.

வயர்கார்டோட சேந்தே ஒரு சர்வீஸ் ஃபைல் வருது. டபிள்யூஜி குயிக், அட் குறி, அப்புறம் உங்க இன்டர்ஃபேஸ் பேரு. சிஸ்டம்சிடிஎல் எனேபிள்னு போட்டு அதை ஒரு தடவை குடுத்துட்டாப் போதும். ஸ்டார்ட் வேற, எனேபிள் வேற. ஸ்டார்ட் இப்ப மட்டும், எனேபிள் ஒவ்வொரு பூட்டுக்கும். அந்த சர்வீஸ்ல நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்டுக்கு, அதாவது நெட்வொர்க் தயார்ங்கிற கட்டத்துக்குப் பின்னாடிதான் எந்திரிக்கணும்னு ஏற்கெனவே எழுதியிருக்கு. வெறும் நெட்வொர்க் டார்கெட்னா நெட்வொர்க் சாமான்கள் கிளம்பிட்டுன்னுதான் அர்த்தம், ஐபி கிடைச்சதுன்னு அர்த்தம் இல்ல. நிறைய பேர் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிடுதாங்க.

ஆர்சி டாட் லோக்கல்ல இருக்கிற ரெண்டு வரியையும் மறக்காம அழிச்சிருங்க. ரெண்டு பக்கமும் எழுப்பினா, இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருக்குன்னு சொல்லி ஒண்ணு தோத்துப் போயிரும். பண்ணிட்டு ஜர்னல்சிடிஎல்ல அந்த சர்வீஸோட லாக் எடுத்துப் போடுங்க.


எடைமேடை அம்பை:

ரொம்ப நன்றி தம்பி. நீங்க சொன்னபடியே ரெண்டு வரியையும் எடுத்துட்டு, சர்வீஸை எனேபிள் பண்ணி நாலு நாள் பாத்துட்டேன். எழுப்புறது சுத்தமா ஆயிட்டு, லாக்கும் தெளிவா வருது. ஆனா கோளாறு அப்படியே இருக்கு.

லாக்ல ஒரு தப்பும் இல்ல. ஸ்டேட்டஸ் பாத்தா பச்சையில ஆக்டிவ்னு காட்டுது, பக்கத்துல எக்ஸிட்டட்னு இருக்கு. சர்வீஸ் நல்லா இருக்குன்னு சொல்லுது, ஆனா பாளை கிடைக்கல. டனல் நிலைமையைக் காட்டுற டபிள்யூஜி ஷோ கமாண்டைக் குடுத்துப் பாத்தேன். நல்லா ஓடும்போது கடைசியா எப்ப ஹேண்ட்ஷேக் ஆச்சு, அதாவது ரெண்டு முனையும் எப்ப கைகுலுக்கிக்கிட்டுன்னு ஒரு வரி காட்டும்லா, கோளாறு நேரத்துல அந்த வரியே கிடையாது. கீழ ட்ரான்ஸ்ஃபர்ல வந்தது 0, போனது 148 பைட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு 296, அப்புறம் 444. போயிக்கிட்டே இருக்கு, ஒண்ணும் திரும்பி வரல.

இன்னொண்ணும் சொல்லணும். பாளையில இருக்கிற அண்ணன் ஒரு தடவை வாடகை சர்வர்ல வயர்கார்டை ரீஸ்டார்ட் பண்ணினாரு, அடுத்த நிமிஷமே டனல் வந்துட்டு. அதுல இருந்து எல்லாரும் சர்வர்தான் சரியில்ல, வேற மாத்தணும்னு சொல்லுதாங்க. எனக்கு அப்படித் தோணல. பாளை ஆபீஸ் பக்கத்து டனல் இதே சர்வர்லதான் ஓடுது, அது ஒரு நாளும் நின்னதில்ல.

எடைமேடை நோட்டுக்குப் பின்பக்கம் நேரமெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். உதவுமான்னு தெரியல, அப்படியே போடுதேன்.

செவ்வாய், கரண்ட் போனது காலை 11.05, வந்தது 11.30, டனல் வந்தது 12.18.
புதன், போனது மதியம் 2.25, வந்தது 3.10, டனல் 3.18.
வியாழன், போனது சாயங்காலம் 4.14, வந்தது 4.20, டனல் 5.17.
வெள்ளி, போனது காலை 9.20, வந்தது 11 மணி, டனல் 11.03.

6 நிமிஷம் கரண்ட் போனதுக்கு 57 நிமிஷம் காத்துக் கெடக்கணும், 1 மணி 40 நிமிஷம் போனதுக்கு 3 நிமிஷம். இதுல எனக்கு ஒரு நியாயமும் தெரியல.


பணகுடி காத்தாடி:

தங்கச்சி, அந்த நோட்டைப் பத்திரமா வச்சிருங்க. பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

நான் 20 வருஷத்துக்கு மேல பணகுடி, ராதாபுரம் பக்கம் கரண்ட் எடுக்கிற காத்தாடி சைட்டுகள்ல, அதான் காற்றாலைகள்ல, வேலை பாத்தவன். இந்த வியாதியை வேற உருவத்துல பாத்திருக்கேன். உங்க நாலு வரியையும் ஒரு தாள்ல எழுதி, கரண்ட் போன நேரத்துல இருந்து, அதுக்கு முந்தின 17ஆவது நிமிஷத்தைக் கழிச்சுப் பாத்தேன்.

செவ்வாய் 11.05. அதுக்கு முந்தின 17 எது? 10.17. வித்தியாசம் 48. நீங்க காத்திருந்தது 48 நிமிஷம். புதன் 2.25, முந்தினது 2.17, வித்தியாசம் 8, காத்திருந்ததும் 8. வியாழன் 4.14, முந்தினது 3.17, வித்தியாசம் 57. வெள்ளி 9.20, முந்தினது 9.17, 3 நிமிஷம். நாலும் பொருந்துது. கரண்ட் எவ்வளவு நேரம் போச்சுங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எத்தனை மணிக்குப் போச்சுங்கிறதுதான் விஷயம்.

17 எங்க இருந்து வருதுன்னா, ராஸ்பெர்ரி பை 4க்குள்ள கடிகாரத்துக்குன்னு பேட்டரி கிடையாது. கரண்ட் போனா நேரம் மறந்துரும். அதுக்கு ஒப்பேத்தலா ஃபேக் ஹெச்டபிள்யூ க்ளாக்னு ஒரு சின்ன புரோகிராம் வச்சிருக்காங்க. அது மணிக்கு ஒரு தடவை அப்போதைய நேரத்தை ஒரு ஃபைல்ல எழுதி வைக்கும். பெட்டி மறுபடி எந்திரிச்சா அந்த எழுதி வச்ச நேரத்துல இருந்தே ஓட ஆரம்பிக்கும். மணிக்கொரு தடவை ஓடுற வேலையை எல்லாம் டெபியன் குடும்பத்துல, நேரம் பாத்து வேலை ஓட்டுற கிரான்ங்கிற புரோகிராம் 17ஆவது நிமிஷத்துலதான் ஓட்டும். முறையா ரீபூட் குடுத்தா அணையுறதுக்கு முந்தி ஒரு தடவை எழுதிக்கும், அதனாலதான் நீங்க சோதிச்சப்ப எல்லாம் நல்லா இருந்தது. கரண்ட் பட்டுன்னு போனா எழுத நேரம் ஏது?

ஆக செவ்வாய்க்கிழமை 11.30க்கு உங்க பெட்டி எந்திரிச்சப்ப, அது மணி 10.17ன்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கு.

இனி வயர்கார்டு பக்கம் வாங்க. அது ஹேண்ட்ஷேக் கேட்டு அனுப்புற முதல் பாக்கெட்டுதான் நீங்க பாத்த 148 பைட்டு. அதுக்குள்ள அனுப்புறவரோட நேரமும் இருக்கும். ஒவ்வொரு ஆள் கிட்ட இருந்தும் கடைசியா வந்த நேரத்தை சர்வர் ஞாபகம் வச்சுக்கும். அதைவிடப் பழைய நேரத்தோட ஒரு பாக்கெட் வந்தா பதிலே சொல்லாது, சத்தமில்லாம கீழ போட்டுரும். உங்க எடைச்சீட்டையே எடுத்துக்கோங்க. 412ஆம் நம்பர் சீட்டுக்குப் பணம் குடுத்தாச்சு, அதுக்கப்புறம் ஒருத்தர் 380ஐ நீட்டினா குடுப்பீங்களா? நடுவுல யாரோ உங்க பழைய பாக்கெட்டைப் பிடிச்சு வச்சு மறுபடி அனுப்பி ஏமாத்தக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. நல்ல ஏற்பாடு. ஆனா நேரம் பின்னால போன பெட்டி நிஜமான ஆளா இருந்தாலும் சர்வர் கண்ணுக்குத் திருடன்தான்.

டனல் ஓடும்போது ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை புது ஹேண்ட்ஷேக் நடக்கும். அதனால சர்வர் கிட்ட 11.03, 11.04 வரைக்கும் கணக்கு இருக்கு. பெட்டி 10.17ல ஆரம்பிச்சு அந்த 11.04ஐத் தாண்ட முக்கா மணிக்கு மேல ஆகும். தாண்டின நிமிஷம் சர்வர் கதவைத் தொறக்கும். யாரும் தொடாம தானா வந்துட்டுன்னு சொன்னீங்களே, அது இதுதான். சர்வர்ல வயர்கார்டை ரீஸ்டார்ட் பண்ணினா அதோட ஞாபகம் அழிஞ்சிரும், அதனாலதான் அன்னைக்கு உடனே வந்தது. சர்வர் மேல குத்தம் இல்ல, நீங்க நினைச்சது சரிதான்.

இப்ப கேள்வி, நெட் வந்த பிறகு பெட்டி ஏன் நேரத்தைத் திருத்திக்கிடல? உங்க வயர்கார்டு கான்ஃபிக்ல அலவுட் ஐபிஸ் வரியைப் பாருங்க. 0.0.0.0/0ன்னு இருக்கும்னு நினைக்கேன். எல்லாப் போக்குவரத்தையும் டனல் வழியா விடுன்னு அர்த்தம். நேரம் கேக்கிற பாக்கெட்டும் டனலுக்குள்ளதான் போகும். டனல் எந்திரிக்க நேரம் வேணும், நேரம் கிடைக்க டனல் எந்திரிக்கணும். சாவியை உள்ள வச்சே பூட்டின மாதிரி. சர்வர் முகவரி நம்பரா இருக்கிறதால நெட் வர்றதுக்கு முந்தியே டபிள்யூஜி குயிக் வெற்றின்னு சொல்லிட்டுப் போயிருது. ஸ்லீப் 180 போட்டப்ப ஒரு நாள் சரியானதுக்குக் காரணம், அன்னைக்கு ஃபைபர் பெட்டி மூணு நிமிஷத்துக்குள்ள எந்திரிச்சு, டனலுக்கு முந்தி நேரம் திருந்தியிருக்கும்.

அந்தப் பச்சை ஆக்டிவ் பத்தியும் ஒரு வார்த்தை. டபிள்யூஜி குயிக் ஒரு தடவை ஓடி இன்டர்ஃபேஸை அமைச்சுட்டு முடிஞ்சு போற ஆள். ஒன்ஷாட்னு சொல்லுவாங்க. அமைச்சாச்சா, ஆக்டிவ். எதிர்முனை பதில் சொல்லுதா இல்லையான்னு அது பாக்காது. சேரன்மாதேவித் தம்பி சொன்னது எல்லாம் சரியான வேலைதான், எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆனா வயர்கார்டுல சர்வீஸ் ஸ்டேட்டஸை நம்பாதீங்க, ஹேண்ட்ஷேக் நேரத்தை மட்டும் நம்புங்க.

அடுத்த தடவை டனல் வராம நிக்கும்போது வேற எதையும் தொடாதீங்க. டேட்னு ஒரு கமாண்ட் குடுத்து, சுவர்க் கடிகாரத்தோட ஒத்துப் பாருங்க. நேரம் திருத்துறதுக்கு எந்தப் புரோகிராம் ஓடுதுன்னும் பாத்துச் சொல்லுங்க. சிஸ்டம்டியோட டைம்சிங்க்டியா, குரோனியா?


எடைமேடை அம்பை:

அண்ணாச்சி, எழுதும்போது கை நடுங்குது.

இன்னைக்கு காலை 11.12க்கு கரண்ட் போச்சு, 11.40க்கு வந்தது. பாளை கிடைக்கல. ரூம்ல எடை இண்டிகேட்டருக்கு மேல ஒரு பழைய சுவர்க் கடிகாரம் இருக்கு, அதுல 11.43. டேட்னு அடிச்சேன். ஸ்கிரீன்ல 10 மணி 20 நிமிஷம். ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே நின்னேன். ரெண்டு மாசமா இந்தப் பெட்டி முன்னாலதான் உக்காந்திருக்கேன், மணி என்னன்னு அது கிட்ட ஒரு தடவை கூடக் கேக்கல.

நேரம் எழுதி வைக்கிற ஃபைலையும் தொறந்து பாத்தேன். அதுல 04.47ன்னு இருந்தது. முதல்ல புரியல. அப்புறம் அது யூடிசிங்கிற உலகப் பொது நேரம்னு தெரிஞ்சு அஞ்சரை மணி நேரம் கூட்டினேன். 10.17. அப்படியே நீங்க சொன்னதுதான்.

வெளிய கல்லிடைக்குறிச்சி வண்டி ரெண்டு நின்னுக்கிட்டு இருந்தது, அதனால 55 நிமிஷம் காத்துக் கெடக்க மனசு வரல. டேட் கமாண்ட்லயே சரியான நேரத்தைக் கையால போட்டேன். அரை நிமிஷத்துக்குள்ள டபிள்யூஜி ஷோல ஹேண்ட்ஷேக் வரி வந்துட்டு, சீட்டு கடகடன்னு அடிச்சது.

அலவுட் ஐபிஸ்ல நீங்க சொன்ன 0.0.0.0/0தான் இருக்கு. தம்பிக்கு போன் பண்ணிக் கேட்டேன். செல்போனுக்குப் போட்டு வச்சிருந்த கான்ஃபிக்கை அப்படியே இங்க எடுத்துப் போட்டதாச் சொன்னான். நேரம் திருத்துறதுக்கு குரோனி ஓடுது. டைம்சிங்க்டி இல்ல.

இனி நான் என்ன செய்யணும்?


பணகுடி காத்தாடி:

ரொம்ப சந்தோஷம்மா. இனி மருந்து சுலபம்.

முதல் மருந்து, அலவுட் ஐபிஸ்ல உங்க டனலுக்கு உள்ள இருக்கிற முகவரி வரிசையை மட்டும் போடுங்க. உங்க டனல் முகவரி 10.8.0ல ஆரம்பிச்சா 10.8.0.0/24. பாளை ஆபீஸோட உள் நெட்வொர்க்கும் வேணும்னா கமா போட்டு அதையும் சேத்துக்கோங்க. எடைச்சீட்டு டனல்ல போகட்டும், மத்ததெல்லாம் நேரா வெளிய போகட்டும். இதை மட்டும் செஞ்சாலே குரோனி நெட் வந்ததும் நேரத்தைத் திருத்திரும், டனல் தானா எந்திரிக்கும். பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25ன்னு ஒரு வரி இருக்கணும், இல்லாட்டி சேத்துருங்க. சொந்த ஐபி இல்லாத இடத்துல கேபிள்காரர் பக்கத்து வழி மூடிப் போகாம அதுதான் தொறந்து வைக்கும்.

ரெண்டாவது, டனலை நேரத்துக்குப் பின்னாடி எழுப்புறது. சர்வீஸ் ஃபைலை நேரா திருத்தாதீங்க, அப்டேட் வந்தா அழிஞ்சிரும். சிஸ்டம்சிடிஎல் எடிட்னு போட்டு அந்த சர்வீஸ் பேரைக் குடுத்தா மேல ஒட்டுற மாதிரி ஒரு தனி ஃபைல் தொறக்கும். அதுல யூனிட் பகுதியில ஆஃப்டர் வரியா குரோனி சர்வீஸ், சர்வீஸ் பகுதியில எக்ஸெக் ஸ்டார்ட் ப்ரீ வரியா குரோனிசி வெயிட்சிங்க். குரோனிசிக்கு முழுப் பாதையும் போடணும். நேரம் கிடைச்சுட்டான்னு 10 செகண்டுக்கு ஒரு தடவை அது கேக்கும், கிடைச்ச பிறகுதான் டனலை எழுப்ப வழி விடும். எத்தனை தடவைன்னு எண்ணிக்கை குடுக்காம விட்டா எவ்வளவு நேரமானாலும் உக்காந்திருக்கும். ஒன்ஷாட் சர்வீஸுக்குத் தொடக்க நேர வரம்பு கிடையாது, அதனால நடுவுல யாரும் அதைக் கொல்ல மாட்டாங்க.

ஹேண்ட்ஷேக் பழசானா சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுற ஸ்கிரிப்ட் ஒண்ணு போடச் சொல்லி யாராவது வருவாங்க. பின்னால போட்டுக்கலாம், தப்பில்ல. ஆனா இந்த வியாதிக்கு அது ஆயிரம் தடவை ரீஸ்டார்ட் பண்ணினாலும் நேரம் திருந்தாம ஒண்ணும் நடந்திருக்காது.

மூணாவது, முடிஞ்சா டிஎஸ்3231ன்னு ஒரு கடிகார மாட்யூல் வாங்கி மாட்டுங்க. வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான் தப்பும். 3.3 வோல்ட் பின்னுலேயே குடுங்க, 5 வோல்ட்ல குடுத்தா அதுல இருக்கிற சார்ஜ் சர்க்யூட் சாதா பட்டன் பேட்டரியைக் கெடுக்கும். ராஸ்பெர்ரியோட கான்ஃபிக் ஃபைல்ல அதுக்கு ஒரு வரி சேத்துட்டு, ஃபேக் ஹெச்டபிள்யூ க்ளாக்கை எடுத்துருங்க.


வீரவநல்லூர் கடை:

நடுவுல வாரேன், மன்னிக்கணும். நான் இன்னும் ஓப்பன்விபிஎன்தான் வச்சிருக்கேன், பழைய இனிட் டாட் டி ஸ்கிரிப்ட்ல எழுப்புதேன். எனக்கும் இந்த நேரப் பிரச்னை வருமா? சிஸ்டம்டிக்கு மாத்தப் பாத்தேன், ஃபைல் இல்லைன்னே சொல்லுது. ஃபைல் கண்ணு முன்னால இருக்கு.


பணகுடி காத்தாடி:

வரும் அண்ணே, வேற மாதிரி வரும். எனக்கு வந்ததே அதுதான். அப்ப சைட்டுல இருந்த சின்ன ரவுட்டருக்கும் கடிகார பேட்டரி கிடையாது. ஆடிக் காத்துல லைன் ட்ரிப் ஆகி வந்தா அதுல 1970 ஜனவரி 1, காலை அஞ்சரை மணின்னு இருக்கும். ஓப்பன்விபிஎன் சர்டிஃபிகேட்டைப் பாத்துட்டு, இது இன்னும் செல்லுபடி ஆகல, பின்னாடிதான் செல்லும்னு தள்ளிரும். லாக்ல அதை எழுதவும் செய்யும். வயர்கார்டு மாதிரி ஊமையா இருக்காது. நான் அந்த லாக்கைப் படிக்காம, பணகுடியில இருந்து மூணு தடவை பைக்கை எடுத்துக்கிட்டு அந்தக் காத்துல சைட்டுக்குப் போயி சுவிட்சை அமத்திட்டு வந்தேன். நாலாவது தடவைதான் படிச்சேன்.

ஃபைல் இல்லைன்னு சொல்லுறதுக்குக் காரணம் அனேகமா ஃபைலோட வால். உங்களுக்குக் குடுத்தது டாட் ஓவிபிஎன்னு முடியும். சிஸ்டம்டி சர்வீஸ் டாட் கான்ஃப்னு முடியறதைத்தான் தேடும். ஈடிசிக்குள்ள ஓப்பன்விபிஎன், அதுக்குள்ள கிளையன்ட் ஃபோல்டர், அங்க வாலை மாத்தி வைங்க. அட் குறிக்குப் பின்னாடி வால் இல்லாம பேரை மட்டும் போடணும். பாஸ்வேர்ட் கேக்கிற கான்ஃபிக்னா அதை ஒரு ஃபைல்ல எழுதி, ரூட் மட்டும் படிக்கிற மாதிரி வச்சு, ஆத் யூசர் பாஸ் வரியில அந்த ஃபைலைக் காட்டுங்க. பூட் ஆகும்போது பாஸ்வேர்ட் அடிக்க அங்க ஆள் இருக்காது. அந்தக் கான்ஃபிக்ல டீமன்னு ஒரு வரி இருந்தா, அதை எடுத்துருங்க. பின்னணியில ஓட்டுற வேலையை இப்ப சிஸ்டம்டியே பாக்கும். புரோகிராமும் தானா பின்னால போயி ஒளிஞ்சா, முன்னால நின்ன புரோசஸ் செத்துட்டுன்னு நினைச்சு மிச்சத்தையும் சேத்துக் கொன்னுரும்.


சேரன்மாதேவி நெட்வொர்க்:

அண்ணாச்சி, நான் நெட்வொர்க் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தேன், அந்த நாலு வரி நேரக் குறிப்பை வாசிச்சுட்டும் தாண்டிப் போயிட்டேன். எங்க காலேஜ் லேப்ல ஒரு ராஸ்பெர்ரி இருக்கு, அதுலயும் இதே மாதிரி வந்தது. எஸ்டி கார்டுதான் போச்சுன்னு ரெண்டு தடவை மாத்தினோம். நாளைக்கே டேட் போட்டுப் பாக்கேன்.


எடைமேடை அம்பை:

செஞ்சுட்டேன் அண்ணாச்சி. அலவுட் ஐபிஸை மாத்தியாச்சு, வெயிட்சிங்க் வரியும் போட்டாச்சு. கடிகார மாட்யூலுக்குச் சொல்லி விட்டிருக்கேன், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில வாங்கிட்டு வாரேன்னு டிரைவர் அண்ணன் சொல்லியிருக்காரு.

கரண்ட் போறதுக்காகக் காத்திருக்கல. நேத்து சாயங்காலம் வண்டி இல்லாத நேரம் பாத்து, 4.14க்கு நானே ராஸ்பெர்ரி பிளக்கையும் ஃபைபர் பெட்டி பிளக்கையும் சேத்துப் பிடுங்கினேன். அந்த வியாழக்கிழமை போன அதே நேரம். ரெண்டு நிமிஷம் விட்டு மாட்டினேன். டபிள்யூஜி ஷோவை மறுபடி மறுபடி அடிச்சுக்கிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஃபைபர் பெட்டியில பச்சை லைட்டு நிலைச்சது, கொஞ்ச நேரத்துல ஹேண்ட்ஷேக் வரி வந்துட்டு. மாட்டினதுல இருந்து 3 நிமிஷம் 40 செகண்ட்.

இன்னைக்குக் காலையில நிஜமாவே ஒரு தடவை கரண்ட் போச்சு, 10.09க்கு. பழைய கணக்குக்கு 52 நிமிஷம் நின்னிருக்கணும். மன்னார்கோவில் வண்டி ஒண்ணு மேடையில இருந்தது. கரண்ட் வந்து அந்த டிரைவர் ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள சீட்டு அடிச்சு வச்சுட்டேன்.

பிரம்மதேசத்துப் பெரியவர் அடுத்த வாரம் மிச்ச நெல்லைக் கொண்டாரேன்னு சொல்லி விட்டிருக்காரு.